பழைய அரைகல்லில் ஒட்டியிருக்கும் மாவு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கற்காலத்து அரைகற்களையும் அவற்றில் ஒட்டியிருக்கும் தாவர எச்சங்களையும் பற்றி சிங்கப்பூரில் தமிழ்க்காரர்களிடம் பேச்செடுத்தால் கேள்விகள் வரிசையாக வரும். அம்மியும் ஆட்டுக்கல்லும் புழங்கிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் நாம், அதனால் நல்ல கேள்விகளாகவே வரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவற்றை இங்கே சேர்த்துவிட்டேன். எனக்கு முக்கியமாகப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தென்கிழக்காசியாவில் பழங்கால மனிதர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்ற கதை ரொம்ப காலம் அரிசியை வைத்தே எழுதப்பட்டது. கிழங்கும், தண்டில் மாவு தரும் சாகோ பனையும், வாழையும் அந்தக் கதைக்குள் வந்தது பெரும்பாலும் நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் துகள்களால்தான்.

அரைகல் என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்?

கல்லைத் தட்டி, சில்லு பெயர்த்து, கூராக்கிய கருவிகள் ஒரு வகை. அரைக்க, இடிக்க, தேய்க்கப் பயன்பட்டவை இன்னொரு வகை: அம்மி போன்ற அடிக்கல், குழவி, உரல், சிறு உலக்கை, கையடக்கமான உருண்டைக் கல். தேய்த்தே வழவழப்பாக்கிய கற்கோடரியும் இந்த இரண்டாம் வகையில் சேரும். கோடரி மரம் வெட்ட, குழவி உணவு அரைக்க என்று எல்லா இடத்திலும் பிரித்துவிட முடியாது, ஒரே கல்லில் ஒரு பக்கம் விதை அரைத்திருப்பார்கள், மறு பக்கம் செங்காவி தேய்த்திருப்பார்கள்.

பல்லாயிரம் வருஷம் மண்ணுக்குள் கிடந்த கல்லில் மாவு எப்படி மிஞ்சும்?

எல்லோருக்கும் முதலில் வரும் சந்தேகம் இதுதான், நியாயமான சந்தேகமும்கூட. மாவுச்சத்தைத் தின்னும் கிருமிகளும் நொதிகளும் மண்ணில் நிறைய இருக்கின்றன, திறந்த மண்ணில் கிடக்கும் மாவு சீக்கிரம் காணாமல் போகும். ஆனால் கல்லின் மேற்பரப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வழவழப்பு இல்லை. நுண்ணிய குழிகளும் வெடிப்புகளும் நிறைய உண்டு. அரைக்கும்போது கை கொடுக்கும் அழுத்தத்தில் ஈரமான மாவு அந்தக் குழிகளுக்குள் இறங்கிக் காய்ந்துவிடுகிறது, கிருமி நுழைய இடமில்லாத அளவுக்கு அடைபட்டும் போகிறது. மாவுச்சத்தும் தளதளவென்ற பொருள் அல்ல, பாதி படிகம் மாதிரி அடுக்கடுக்காக இறுகிய மணி. அந்த இறுக்கமும் அது பிழைத்துக் கிடக்க உதவுகிறது.

அம்மி தேய்ந்து வழுக்க ஆரம்பித்தால் கொத்துகிறவரை அழைத்து உளியால் கொத்தி வாங்குவார்கள் இல்லையா, கற்காலத்திலும் அதைச் செய்திருக்கிறார்கள், தேய்ந்த அரைகல்லைத் தட்டித் தட்டி மறுபடி சொரசொரப்பாக்கியிருக்கிறார்கள். அதனால் பழைய மாவு கொஞ்சம் உதிர்ந்து போகும், புதுக்குழியில் புது மாவு போய்ச் சேரும். ஆக கல்லில் கிடைப்பது பெரும்பாலும் அதன் கடைசிக் கால வேலையின் தடயம், அதன் முழு ஆயுளின் கணக்கு அல்ல. ஆய்வு முடிவுகளைச் செய்தியாகப் படிக்கும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

மாவு மட்டும்தானா, வேறென்ன கிடைக்கும்?

செடிகள் மண்ணிலிருந்து உறிஞ்சும் சிலிக்கா அவற்றின் செல்களுக்குள் கண்ணாடித் துகள்களாக உறையும், இதை ஃபைட்டோலித் என்பார்கள். செடி அழுகினாலும் இது அழுகாது. புல் வகைக்கு ஒரு வடிவம், வாழை இலைக்கு எரிமலை வாய் போல நடுவில் குழிந்த ஒரு வடிவம். அப்புறம் ஊசிப் படிகங்கள். சேப்பங்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கிறதே, அதற்குக் காரணமான கால்சியம் ஆக்சலேட் ஊசிகள்தான். அவையும் சில பழைய கற்களில் கிடைத்திருக்கின்றன. கொழுப்பு, பிசின், நார் ஆகியவற்றையும் தேடுகிறார்கள்.

கல்லிலிருந்து அதை எப்படி எடுக்கிறார்கள்?

முதலில் கல்லை மண்ணோடு சேர்த்தே பையில் போட்டு ஆய்வகத்துக்குக் கொண்டுபோகிறார்கள். பல இடங்களில் பின்பற்றும் முறை மூன்று கட்டமாக இருக்கும்: மேலே ஒட்டிய மண்ணை உலர்வாகத் துலக்கி ஒரு மாதிரி, பிறகு காய்ச்சி வடித்த நீரால் கழுவி ஒரு மாதிரி, கடைசியில் கல்லையோ அதன் ஒரு பகுதியையோ மீயொலி அதிர்வுத் தொட்டியில் வைத்து, குழிக்குள் அடைபட்டதை அசைத்து வெளியே எடுத்து ஒரு மாதிரி. மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேல்மண்ணில் இல்லாத மாவு அதிர்வுத் தொட்டி மாதிரியில் மட்டும் நிறைய வந்தால், அது கல்லின் பயன்பாட்டிலிருந்து வந்தது என்று சொல்லத் தெம்பு கிடைக்கும்.

எடுத்த சேற்றை அடர்த்தி கூடிய திரவத்தில் கலந்து சுழற்றினால் மணல் கீழே போகும், லேசான மாவுமணிகள் மேலே மிதக்கும். அதைக் கண்ணாடித் தட்டில் விட்டு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். கல்லின் தேய்மானத்தையும் தனியாகப் பார்க்க வேண்டும், பல் மருத்துவர் அச்செடுக்கும் அதே சிலிக்கோனை வைத்துக் கல்லின் மேற்பரப்பை அச்செடுத்து, கீறல் எந்தத் திசையில் போகிறது, கல்லின் துகள்கள் எப்படித் தட்டையாகியிருக்கின்றன என்று ஆராய்வார்கள்.

ஒரு மாவுத் துகளைப் பார்த்து எந்தச் செடி என்று எப்படிச் சொல்ல முடியும்?

வடிவம், அளவு, மணி வளரத் தொடங்கிய மையப்புள்ளி எங்கே இருக்கிறது, அடுக்குக் கோடுகள் தெரிகிறதா, வெடிப்பு உண்டா. உருளைக்கிழங்கு மணி பெரியது, 100 மைக்ரோமீட்டர் (ஒரு மைக்ரோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரைகூடப் போகும். அரிசி மணி மிகச் சிறியது, பல கோணங்களோடு, பெரும்பாலும் 10 மைக்ரோமீட்டருக்குள். சேப்பங்கிழங்கின் மணி அதைவிடவும் பொடி. பயறு வகையில் சிறுநீரக வடிவமும் நடுவில் நீளமான பிளவும் தெரியும். மஞ்சள், இஞ்சிக் குடும்பத்து மணிகள் தட்டையாக, ஒரு முனை கூம்பியதாக, மையப்புள்ளி அந்த ஓரத்தில் இருக்கும்.

ஒளியை ஒரே திசை அதிர்வோடு மட்டும் விடும் இரண்டு படலங்களைக் குறுக்காக வைத்து, அதாவது குறுக்கு முனைவாக்க ஒளியில் பார்த்தால் ஒவ்வொரு மணியிலும் கறுப்புச் சிலுவை தெரியும், அது மாவு என்பதற்கான அடையாளம். சூடான தண்ணீரில் ஏறத்தாழ 60 முதல் 80 டிகிரிக்குள் மணி ஊதிக் குலைந்து சிலுவை மறைந்துவிடும். அதனால் வெந்ததா வேகாததா, அரைபட்டதா அரைபடாததா என்பதையும் ஓரளவு சொல்லலாம்.

ஆனால் ஒரு மணியைக் காட்டி இது இன்ன செடிதான் என்று அடித்துச் சொல்வது தவறு. ஒரே கிழங்குக்குள்ளேயே பல அளவில் மணிகள் இருக்கும், நெருங்கிய உறவுச் செடிகளின் மணிகள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். இன்றைய செடிகளிலிருந்து எடுத்த மாதிரிகளை நூற்றுக்கணக்கில் அளந்து வைத்துக்கொண்டு, பழைய மணிகளைக் கூட்டமாக ஒப்பிட வேண்டும். அந்த ஒப்பீட்டுத் தொகுப்பில் இல்லாத செடி முடிவிலும் வராது. ஐரோப்பியத் தானியங்களை வைத்துத் தொகுத்த தொகுப்போடு போர்னியோ குகைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வியட்நாமில் 2000 வருஷத்துக்கு முந்தைய கறி மசாலா கிடைத்ததாமே, உண்மையா?

உண்மை. மெக்கோங் கழிமுகத்தில், இன்றைய அன் ஜியாங் மாநிலத்தில், ஓக் இயோ என்ற பழைய நகரம் இருக்கிறது. தென்கிழக்காசியாவின் பழைய அரசுகளில் ஒன்றான ஃபுனானின் காலத்தில் வணிகம் செழித்த இடம். பிரெஞ்சு ஆய்வாளர் லூயி மல்லெரே 1944இல் அங்கே தோண்டியபோது ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயஸ் உருவம் பொறித்த பொன் பதக்கம் வரை கிடைத்தது. அங்கே கிடைத்த அரைகற்களை ஆராய்ந்து 2023இல் ஒரு குழு முடிவுகளை வெளியிட்டது. 12 கற்கருவிகளிலிருந்து 700க்கும் மேற்பட்ட மாவுமணிகள். அவற்றிலும் கூடக் கிடைத்த மற்ற எச்சங்களிலும் மஞ்சள், இஞ்சி, லெங்குவாஸ் (பேரரத்தை), கச்சோலம், விரல் போல் கிளைத்திருக்கும் தெமு குஞ்சி, கிராம்பு, ஜாதிக்காய், இலவங்கப்பட்டை என்று எட்டு மசாலாக்கள். தேக்கா சந்தையில் இன்றைக்கும் இந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு போய் அநேகமாக முழுவதையும் வாங்கிவிடலாம்.

கிராம்பும் ஜாதிக்காயும் இந்தோனேசியாவின் மலுக்கு, பண்டா தீவுகளுக்குரியவை. அவை கடல் தாண்டி வந்திருக்கின்றன. அரைக்கப் பயன்பட்ட, கால் வைத்த கல்லின் வடிவம் தெற்காசியாவில் கிடைப்பவற்றை ஒத்திருக்கிறது. ஆக சரக்கும் கருவியும் வெவ்வேறு திசையிலிருந்து வந்து ஒரே சமையலில் சேர்ந்திருக்கின்றன. இது வரலாற்றுக்கு முந்தைய காலம் அல்ல, வரலாறு தொடங்கிவிட்ட காலம். ஆனாலும் ஆய்வு முறை அதேதான்.

அப்படியானால் கறியை அங்கே கொண்டுபோனது தமிழர்கள்தான் என்று சொல்லலாமா?

சொல்ல முடியாது. தெற்காசியத் தொடர்பு இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. யார் அரைத்தார்கள், என்ன மொழி பேசினார்கள் என்பதை மாவுமணி சொல்லாது. லெங்குவாஸும் தெமு குஞ்சியும் ஏற்கெனவே இந்தப் பக்கத்துச் செடிகள், உள்ளூர்க்காரர்கள் அவற்றை அறியாமல் இருந்திருக்க மாட்டார்கள். நமக்குப் பெருமை தேவைதான், அதற்காக ஆதாரத்தைவிட ஒரு அடி முன்னால் போக வேண்டியதில்லை.

இந்தியாவில் இந்த மாதிரி ஆய்வு நடந்திருக்கிறதா?

ஹரியானாவின் ஃபர்மானா, சிந்துவெளிக் காலத்து ஊர். அங்கே கிடைத்த பொருள்களை அருணிமா கஷ்யப், ஸ்டீவ் வெபர் இருவரும் ஆராய்ந்து 2010இல் எழுதினார்கள். ஏறத்தாழ கி.மு. 2500ஐச் சேர்ந்த சமையல் பானையிலும் மனிதப் பல்லின் கறையிலும் இஞ்சியும் மஞ்சளும் கிடைத்தன. தென்னிந்தியப் புதிய கற்காலத்துக்குக் கொள்ளும் பாசிப்பயறும் சிறுதானியங்களும் அடிப்படை உணவு என்று தெரிந்திருக்கிறது, ஆனால் அது பெரும்பாலும் கருகிய விதைகளை வைத்து. தமிழ்நாட்டில் பையம்பள்ளியிலும் கொள்ளும் பயறும் கிடைத்தன. தெற்கே பாறைகளில் அரைத்து அரைத்து உண்டான குழிகளும் வழவழப்பான கற்கோடரிகளும் ஏராளம், சேர்வராயன் மலைப் பக்கம் அந்தக் கோடரிகளைக் கோயிலில் வைத்துக் கும்பிடுகிறார்கள். அந்தப் பாறைக்குழிகளிலும் அரைகற்களிலும் மாவு எச்சத்தைத் தேடும் வேலை இன்னும் எவ்வளவோ நடக்க வேண்டும் என்பது என் ஆசை.

அரிசிக்கு முன்னால் நம் வட்டாரத்தில் என்னதான் சாப்பிட்டார்கள்?

நெல் கருகினால் கரியாக மிஞ்சும், தோண்டும்போது கண்ணில் படும். கிழங்கு அப்படி அல்ல. வேகவைத்தால் முழுக்கத் தின்றுவிடுவோம், தோல் அழுகிவிடும், விதையும் இல்லை. அதனால் தோண்டிய இடத்தில் கிழங்கு தெரியவில்லை, தெரியாததால் அது இருந்ததாகவே யாரும் நினைக்கவில்லை. வெப்பமண்டலத்து உணவு வரலாற்றில் இது பெரிய ஓட்டை.

அந்த ஓட்டையை அடைக்க ஆரம்பித்தவர்களில் ஆய்வாளர் டாம் லாய் ஒருவர். பப்புவா நியூ கினியின் புக்கா தீவில் உள்ள கிலு குகையில் கிடைத்த கற்சில்லுகளில் சேப்பங்கிழங்கு வகையின் மாவும் படிகமும் ஒட்டியிருப்பதாக 1992இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதினார்கள். வயது ஏறத்தாழ 28,000 ஆண்டுகள். அதே நாட்டின் மலைப்பகுதியில் கூக் சதுப்புநிலம் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 10,000 ஆண்டுக்கு முந்தைய கற்கருவிகளில் சேப்பங்கிழங்கு மாவு, 7,000 ஆண்டுக்கு நெருக்கத்தில் வாழையை நட்டு வளர்த்ததற்கான ஃபைட்டோலித், வடிகால் வாய்க்கால்கள், எல்லாம் சேர்ந்து கிடைத்தன. உலகில் விவசாயம் தனியாகத் தோன்றிய இடங்களில் நியூ கினியும் ஒன்று என்று ஒப்புக்கொள்ள வைத்தது அந்தச் சதுப்புநிலம். 2008இல் அது யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

நமக்குக் கொஞ்சம் பக்கத்தில், சரவாக்கின் நியா குகை. 1958இல் டாம் ஹாரிசன் குழு ஆழத்தில் ஒரு மண்டையோடு எடுத்த இடம். அங்கே ஹியூ பார்ட்டன் ஆராய்ந்தது கல்லை அல்ல, குகை மண்ணை. காட்டு வள்ளிக்கிழங்கு, சேம்பு வகை, சாகோ பனை ஆகியவற்றின் மாவு கிடைத்தது. காட்டு வள்ளியில் சில வகை நஞ்சு, நறுக்கி ஓடும் நீரில் நாள்கணக்கில் ஊறவைத்தால்தான் தின்ன முடியும். சீன, மலாய் மரபுகள் கலந்த பெரனாக்கான் வீடுகளில் கோழியோடு சமைக்கும் புவா கெலுவாக் கொட்டையின் எச்சமும் நியாவில் உண்டு, அதிலும் சயனைடு இருக்கிறது. அதாவது பல்லாயிரம் வருஷத்துக்கு முன்பே மழைக்காட்டு மக்களுக்கு நஞ்சு நீக்கும் நுட்பம் தெரிந்திருக்கிறது. மழைக்காட்டில் விவசாயம் இல்லாமல் மனிதன் பிழைக்கவே முடியாது என்று ஒரு காலத்தில் வாதாடினார்கள், நியா அந்த வாதத்தை ரொம்பவே பலவீனமாக்கிவிட்டது.

அப்புறம் தென்சீனக் கரையில் ஷின்சுன் என்ற அகழாய்வு இடம். ஏறத்தாழ கி.மு. 3350 முதல் 2470 வரையிலான கற்கருவிகளில் சாகோ வகைப் பனைகளின் மாவு நிறையக் கிடைத்தது, வாழையும் இருந்தது. 2013இல் வெளியான அந்த ஆய்வின் சாரம், அந்தப் பகுதியில் நெல் வேரூன்றும் முன் பனைமாவு முக்கியமான உணவாக இருந்தது என்பதே.

மாவு அரைத்தார்கள் என்றால் விவசாயம் வந்துவிட்டது என்றுதானே அர்த்தம்?

இல்லை. கலிலேயக் கடலோரத்தில் ஒஹாலோ என்ற முகாமில், 23,000 ஆண்டுக்கு முந்தைய அரைகல்லில் காட்டு பார்லி மாவு கிடைத்தது, டொலோரஸ் பைப்பர்னோ குழு 2004இல் எழுதியது. அங்கே விவசாயம் வர இன்னும் பத்தாயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். இத்தாலியின் பிலான்சீனோவில் ஏறத்தாழ 30,000 ஆண்டுக்கு முன்பு சம்பங்கோரையின் கிழங்கை மாவாக்கியிருக்கிறார்கள். அதே நாட்டின் பாலிச்சி குகையில் ஓட்ஸ், அதுவும் அரைப்பதற்கு முன் சூடாக்கிய அறிகுறியோடு. அரைப்பது முதலில் வந்தது, உழுவது ரொம்பப் பிறகு.

எல்லாவற்றிலும் பழையது எது?

ஆஸ்திரேலியாவின் வடக்கே மட்ஜெட்பெபே பாறைக்குடைவில் அரைகற்களும் விளிம்பு தேய்த்த கோடரிகளும் கிடைத்த அடுக்குக்கு 65,000 ஆண்டு என்று 2017இல் அறிவித்தார்கள். அந்த வயதை எல்லோரும் ஏற்கவில்லை. மொசாம்பிக்கின் ஒரு குகையில் 1,00,000 ஆண்டு வயதுள்ள கற்களில் காட்டுச் சோள மாவு என்று 2009இல் வந்த முடிவைப் பற்றியும் வாதம் தொடர்கிறது.

கல்லுக்கு வயது எப்படிப் போடுகிறார்கள்?

கல்லுக்குப் போடுவதில்லை, அது கிடந்த அடுக்குக்குப் போடுகிறார்கள். கூடக் கிடைக்கும் கரியைக் கதிரியக்கக் கார்பனால் அளக்கலாம், ஆனால் அது 50,000 ஆண்டுக்கு மேல் எட்டாது. அதற்கும் பழையது என்றால் மணல் கடைசியாக எப்போது வெயில் பட்டது என்பதை ஒளிர்வு முறையில் கணக்கிடுவார்கள். கல்லும் கரியும் ஒரே அடுக்கில் ஒரே காலத்தில் வந்தவையா என்பதுதான் எப்போதும் தகராறு.

இன்றைய மாவு கலந்துவிட்டால்?

கலக்கும், கலந்தும் இருக்கிறது. 2014இல் வெளியான ஓர் ஆய்வு, ஆய்வகங்களில் புழங்கும் பொருள்களையே சோதித்துப் பார்த்தது. பவுடர் போட்ட கையுறைகளிலேயே மக்காச்சோள மாவு இருந்தது. காற்றிலும் மாவு பறக்கிறது, சாப்பிட்டுவிட்டு வந்தவர் சட்டையிலும் இருக்கும். அதனால் பவுடர் இல்லாத கையுறை, வெறும் தட்டுகளை மேசையில் வைத்து என்ன விழுகிறது என்று பார்ப்பது, சுற்றியுள்ள மண்ணையும் சோதிப்பது, எல்லாம் கட்டாயம். ஒரு ஆய்வைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்தப் பகுதியைத்தான். இப்படி ஒப்பிட்டுப் பார்க்க எடுக்கும் கட்டுப்பாட்டு மாதிரிகளைப் பற்றி ஒரு வரிகூட இல்லை என்றால் தலைப்பு எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் நான் நம்புவதில்லை.

சிங்கப்பூரில் இப்படிக் கிடைக்குமா?

கேனிங் கோட்டை மலையில் ஜான் மிக்சிக் 1984இல் தொடங்கிய அகழாய்வுகள் 14ஆம் நூற்றாண்டைக் காட்டின, நம் மண்ணில் வளமான ஆதாரம் அந்தக் காலத்துக்குத்தான். அதற்கு முந்தைய காலத்துக்கு நிலம் அவ்வளவு தயவு காட்டவில்லை: அமில மண், வருஷம் முழுக்க மழை, மேலே எவ்வளவோ கட்டுமானம். ஆனால் சுற்றிலும் இருக்கிறது. பினாங்குக்கு எதிர்க்கரையில் குவார் கெப்பா சிப்பி மேட்டில் 2017இல் ஒரு பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது, 5,000 ஆண்டுக்கு மேல் பழையது. அந்த இடத்தில் அரைகற்களும் உண்டு. சிங்கப்பூரின் பழைய ராஃபிள்ஸ் அரும்பொருளகத்து ஆய்வாளர்கள்தான் 1930களில் தீபகற்பத்தில் பல இடங்களைத் தோண்டினார்கள், பேராக்கில் உள்ள கோத்தா தம்பான் உட்பட. அந்தக் காலத்தில் கிடைத்த கல்லைத் தேய்த்துக் கழுவி மையால் எண் எழுதி வைப்பதுதான் உலகம் முழுக்க வழக்கம். கழுவிய கல்லிலும் குழிக்குள் சில சமயம் மாவு மிஞ்சியிருக்கிறது, அதனால் நம்பிக்கை முழுக்கப் போய்விடவில்லை.

வித்தியாசமான கல் ஒன்றைக் கண்டெடுத்தால்?

கழுவாதீர்கள். துடைக்காதீர்கள், வெறும் கையால் ரொம்பத் தொடாதீர்கள். கிடந்த இடத்திலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, தேசிய மரபுடைமைக் கழகத்துக்குத் தெரிவியுங்கள். ஊரில் தாத்தா நிலத்தில் கிடைத்தது என்று மலேசியாவிலிருந்தோ தமிழ்நாட்டிலிருந்தோ எடுத்து வந்து வீவக அடுக்குமாடி வீட்டுக் கண்ணாடி அலமாரியில் வைப்பதும் வேண்டாம், எந்த அடுக்கில் இருந்தது என்பது போனால் பாதிக் கதை போய்விடும்.

பிள்ளைகளுக்கு இதை நேரில் காட்ட முடியுமா?

தாராளமாக. 400 மடங்கு பெரிதாக்கும் பள்ளி நுண்ணோக்கி, முனைவாக்கப் படலம் இரண்டு துண்டு போதும். ஒரு துண்டைக் கண்ணாடித் தட்டின் கீழும் இன்னொன்றை மேலும் வைத்து, வெளிச்சம் இருட்டும் வரை ஒன்றைத் திருப்புங்கள். உருளைக்கிழங்கைக் கத்தியால் சுரண்டி ஒரு சொட்டு நீரில் விட்டால் கறுத்த பின்னணியில் மணிகள் சிலுவையோடு மின்னும். அதே கிழங்கை வேகவைத்துப் பாருங்கள், சிலுவை போயிருக்கும். மஞ்சளைப் பார்க்க வேண்டுமானால் தேக்காவில் பச்சை மஞ்சளாக வாங்குங்கள். கடைத் தூளில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது, ஏனென்றால் மஞ்சளை வேகவைத்துக் காயவைத்த பிறகுதான் தூளாக்குகிறார்கள்.